கொசுக்கடி மெடலும் பீச் ரோடு ஆன்ட்டியும்: ஆர்மி மார்க்கெட் மெடல் தையல் கடை ரிவ்யூ

மொதல்லயே மார்க் போட்டுடறேன், நான் எழுத ஆரம்பிச்சா நிறுத்தமாட்டேன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும். தையல் வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு. விஷயம் தெரிஞ்ச ஆளு கடையில இருக்காரா, அதுக்கும் அஞ்சு. சொன்ன தேதிக்கு குடுக்கறாங்களா, அதுக்கு ரெண்டுதான், அதுகூட ஆன்ட்டி மொகத்துக்காக. பிரேம் வேற கடையில போட்டோம், அந்தக் கூத்த பின்னாடி சொல்றேன்.

என்ன வேலைன்னா, எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் இந்தியன் ஆர்மியில லாரி ஓட்டினவரு. ஆர்ஐஏஎஸ்சி, அதாவது ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அரிசி பருப்பு பெட்ரோல் குண்டுன்னு எல்லாத்தையும் முன்னாடி நிக்கறவனுக்கு கொண்டு போய் சேக்கற படை. 1941ல சேந்தாரு, 1944 ஆரம்பத்துல மெடிக்கல் போர்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவரோட மூணு மெடலும் டிஸ்சார்ஜ் பேப்பரும் வேலூர் பக்கம் எங்க ஊர் வீட்டு பீரோவுலயே கெடந்துச்சு, வீட்ட விக்கறப்போ அம்மா அதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு இங்க சிங்கப்பூருக்கு எடுத்துட்டு வந்துட்டாங்க. அதுக்கு நல்லபடியா ஒரு பிரேம் போட்டு ஹால்ல மாட்டணும்னு எனக்கு ஆசை. அம்மாவுக்கு அவ்வளவா இஷ்டமில்ல, ஏன்னு அப்புறம்தான் வெளிய வந்துச்சு.

தெரியாதவங்களுக்கு, ஆர்மி மார்க்கெட்ங்கறது பீச் ரோட்டுல கோல்டன் மைல் ஃபுட் சென்டர் இருக்குல்ல, அதே கட்டடத்துல மேல் மாடி. நிக்கல் ஹைவே எம்ஆர்டில எறங்கினா நடக்கற தூரந்தான். என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, போன எந்தப் பையனக் கேட்டாலும் வழி சொல்வான், பூட்ஸ், நேம் டேக், கேமோ கிரீம், சாக்ஸ், கேம்ப்ல தொலைச்சுட்டு ஸ்டோர்மேன் கிட்ட மாட்டிக்காம இருக்க வாங்கற சாமான், எல்லாம் அங்கதான். எதிர்ல இருந்த தாய்லாந்து சாப்பாட்டுக் கடைங்களும் பஸ் டிக்கெட் கவுண்டருங்களும் 2023ல கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ காலி பண்ணப்பவே போயிடுச்சு, ஆனா இந்தப் பக்கம் அதே சூடு, அதே சத்தம். மேல ஏர்கான் எதிர்பாக்காதீங்க, வயசானவங்களக் கூட்டிட்டுப் போனா காலையிலயே போயிடுங்க.

கடை பேர் போடல. ஆன்ட்டியே வேணாம்னுட்டாங்க. மெடல் தைக்கறது அவங்க ஒரே ஆளு, ஏற்கனவே ஆர்டர் தேங்கிக் கெடக்கு, ஆன்லைன்ல பேர் வந்தா இன்னும் நாலு பேர் வந்து நிப்பாங்கன்னு பயப்படறாங்க. மேல ஏறி மெடல் தைக்கற ஆன்ட்டி எங்கன்னு கேளுங்க, கை காட்டுவாங்க. ஆன்ட்டி சீனவங்க, பேச்சு கம்மி. பேசறதுக்குன்னே அங்க இன்னொருத்தர் உக்காந்திருக்காரு, நம்ம தமிழ் ஆளு, ரிட்டையர் ஆன வாரன்ட் ஆபீசர், மார்க்கெட்ல எல்லாரும் என்சிக்னுதான் கூப்பிடறாங்க, மலாய்ல ஐயாங்கற மாதிரி. கடையில சம்பளத்துக்கு இருக்காரா சும்மா பொழுது போக்க வர்றாரான்னு எனக்கு கடைசி வரைக்கும் புரியல. எங்கம்மா அவர பாத்த ரெண்டாவது நிமிஷமே தம்பின்னுட்டாங்க, அவரும் அக்கான்னுட்டாரு, அதோட நான் பையத் தூக்கற ஆளாயிட்டேன்.

டின்னத் தொறந்ததும் மனுஷன் மெடலத் தொடவே இல்ல. மொதல்ல ஒரு துணிய விரிச்சாரு, ஒவ்வொண்ணா எடுத்து வரிசையா வெச்சாரு, கண்ணுல ஒரு சின்ன லென்ஸ சொருகிக்கிட்டு பின்பக்கத்த திருப்பிப் பாத்தாரு. தாத்தா நம்பரும் பேரும் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.ங்கற எழுத்தும் பின்னாடி பொடியா குத்தியிருக்கு, நாங்க யாருமே அதுவரைக்கும் கவனிச்சதில்ல. அதுக்கப்புறம் தலைய ஆட்டிட்டு கேட்டாரு, "அக்கா, இத எதால தேச்சீங்க?"

புளி. பொங்கலுக்குப் பொங்கல் பாட்டி குத்துவெளக்கத் தேய்க்கறப்போ இதையும் சேத்து புளி விபூதி போட்டு தேச்சிருக்காங்க, பாட்டிக்கு அப்புறம் அம்மா. ரெண்டு ஸ்டாரும் பித்தள மாதிரி ஒரு உலோகத்துல செஞ்சது, அதனால நல்லா பளபளன்னுதான் இருக்கும், ஆனா கிரீடத்தோட மூக்கு முழியெல்லாம் மழுங்கிப் போச்சு, பின்னாடி பேர் குத்தினதும் பாதி தேஞ்சிருச்சு. வார் மெடல் மட்டும் தப்பிச்சுது, அது வெள்ளையா இருக்கறதால வெள்ளி போலன்னு நெனச்சு பாட்டி பயந்து விட்டுட்டாங்களாம், உண்மையில அது செம்பும் நிக்கலும் கலந்தது. அதுல ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறு பக்கம் ரெண்டு தல டிராகன் மேல ஒரு சிங்கம் ஏறி நிக்கும், அந்தச் சிங்கத்தோட பிடரி மயிர் இன்னிக்கும் எண்ணலாம் போல இருக்கு. இனிமே எதுவும் தேய்க்காதீங்க, பிராசோ பாலிஷ் கூட வேணாம், காஞ்ச பஞ்சுத் துணியால தூசி மட்டும் தட்டுங்கன்னாரு என்சிக். இந்த ஒரு அட்வைஸ் போதும், வீட்ல பழைய மெடல் வெச்சிருக்கறவங்க எழுதி வெச்சுக்கோங்க.

அடுத்து ரிப்பன். 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார் ரெண்டும் ஒரே அச்சு, ஆறு முனை, நடுவுல ராஜாவோட எழுத்து, சுத்தியிருக்கற வளையத்துல பேரு மட்டுந்தான் மாறும். அதனால ரிப்பன வெச்சுதான் தூரத்துல இருந்து கண்டுபிடிக்கணும். 39-45க்கு கரு நீலம், சிவப்பு, வெளிர் நீலம், மூணும் சம அகலம், நேவி ஆர்மி ஏர்ஃபோர்ஸ். பர்மாவுக்கு கரு நீலத்துக்கு நடுவுல அகலமா சிவப்பு, நீலத்துக்குள்ள ஆரஞ்சுக் கோடு. எங்க ஊர் டெய்லர் எப்பவோ தெச்சப்போ ரெண்டையும் மாத்திக் கோத்துட்டாரு, அப்படியே இத்தன வருஷம் ஓடிருக்கு. வெளுத்துப் போன அந்தக் கலர்லயும் என்சிக் ஒரே பார்வையில கண்டுபிடிச்சுட்டாரு. புது ரிப்பன் அவங்ககிட்ட ஸ்டாக் இல்ல, இங்கிலாந்துல இருந்து வரவழைக்கணும், லேட்டானதுக்கு பாதி காரணம் அதான். பழைய ரிப்பன தூக்கிப் போடாம ஒரு சின்ன ஜிப் பைல போட்டு பிரேமுக்குப் பின்னாடியே ஒட்டிக் குடுத்தாங்க, கேக்காமலே.

இப்போ ஒரு குடும்ப சண்டைய இங்க சொல்லியாகணும், இல்லாட்டி என்சிக்குக்கு ஏன் அஞ்சு மார்க் போட்டேன்னு புரியாது.

எங்க ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பாரு. பக்கத்து வீட்ல ஒருத்தர், ஊரே அவர இத்தாலி தாத்தான்னு கூப்பிடும், மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற இன்ஜினியர் படையில இருந்து இத்தாலி வரைக்கும் போய் சண்ட போட்டு முழுசா திரும்பி வந்தவரு, நெஞ்சு நெறைய மெடல். எங்க தாத்தாவுக்கு மூணுதான். அதுல அவரு குண்டடி பட்டு வரல, காய்ச்சல்ல வந்தாரு. அப்போ அசாம்ல இருந்த திமாப்பூர்ல இருந்து கோஹிமா ஏறி இம்பால் வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல மலைப்பாதை, அதுல 1943 பூரா லாரி ஓட்டியிருக்காரு, மழைக்காலத்துல ரோடு சரிஞ்சு விழும், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பள்ளம். மலேரியா வந்துச்சு, போச்சு, மறுபடி வந்துச்சு. கடைசியில ஆமக்கட்டி, அதான் மண்ணீரல் வீக்கம், வெச்சு வயிறு வீங்கி எலும்புந்தோலுமா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ போர்டு உக்காந்து "அன்ஃபிட்"டுனு எழுதிடுச்சு. அவரு வந்த கொஞ்ச மாசத்துல, 1944 ஏப்ரல்ல, அவரு லாரி ஓட்டின அதே கோஹிமாவுல ஜப்பான்காரன் வந்து பெரிய சண்டை. தாத்தா அப்போ ஊர்ல கம்பளி போத்திக்கிட்டு திண்ணையில. இத்தாலி தாத்தா கிண்டலா ஒரு பேரு வெச்சாரு பாருங்க, "கொசுக்கடி மெடல்". அது ஊர் பூரா பரவி, அம்மா ஸ்கூல் போறப்போ பசங்க கூப்பிடற அளவுக்கு போயிடுச்சாம். எங்க மாமா கூட, சொந்த மகன், கோவம் வந்தா இதத்தான் எடுப்பாரு, ஆறு மாசம் ஒழுங்கா சண்டையில நிக்காத ஆளுக்கு ஸ்டார் எப்படி வந்துச்சு, ஏதோ கிளார்க் தப்பா அனுப்பியிருப்பான்னு.

இதெல்லாம் அம்மா சொன்னது வீட்ல இல்ல, அந்த மார்க்கெட்ல, ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, கோப்பி ஓ குடிச்சுக்கிட்டே ஒரு முன்ன பின்ன தெரியாத மனுஷன்கிட்ட. எனக்கே அது புதுசு.

என்சிக் ஆறுதல் எல்லாம் சொல்லல. ரூலத்தான் சொன்னாரு. 39-45 ஸ்டாருக்கு பொதுவா ஆறு மாசம் போர்முனைப் பகுதியில வேலை செஞ்சிருக்கணும், வாஸ்தவம். ஆனா அந்த ஆறு மாசம் முடியறதுக்குள்ள செத்தாலோ, காயம் பட்டாலோ, வேலையால வந்த ஒடம்புக் கோளாறுல சர்வீஸ் முடிஞ்சாலோ, நாள் கணக்கு பாக்காம ஸ்டார் உண்டுன்னு அதே ரூல்ல இருக்கு. பர்மா ஸ்டாருக்கு பர்மாவுக்குள்ளயே போகணும்னு இல்ல, 1942 மே 1ல இருந்து வங்காளம் அசாம் பக்கம் வேலை பாத்தாலும் சேரும், தாத்தா ஓட்டின ரோடு அதுக்குள்ளதான் வருது. வார் மெடலுக்கு 28 நாள் போதும். இந்தியா சர்வீஸ் மெடல்னு நாலாவது ஒண்ணு உண்டு, அதுக்கு போர்முனை இல்லாத எடத்துல மூணு வருஷம் இருந்திருக்கணும், 41ல சேந்து 43 பூரா அசாம்ல கெடந்து 44 தொடக்கத்துல வெளிய வந்தவருக்கு அந்தக் கணக்கு எப்படி வரும். ஆக மூணும் சரி, நாலாவது இல்லாததும் சரி. கிளார்க் யாரும் தப்பு பண்ணல.

அப்புறம்தான் கொசு. 1943ல அந்த பர்மா எல்லையில காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு போன ஒவ்வொருத்தனுக்கும் நோய்ல போனவன் 120 பேராம். ஒண்ணுக்கு நூத்தி இருபது! படையில நூத்துக்கு 84ங்கற கணக்குல ஒரு வருஷத்துக்கு மலேரியா அடிச்சிருக்கு. காரணம் என்னன்னா, உலகத்துக்கே மலேரியா மருந்தான கொய்னா அப்போ ஜாவாவுல இருந்துதான் வந்துக்கிட்டு இருந்துச்சு, பத்துல ஒம்போது பங்கு, 1942 மார்ச்ல ஜப்பான் ஜாவாவப் பிடிச்சதும் அது நின்னு போச்சு. பதிலுக்கு மெப்பாகிரின்னு ஒரு மஞ்ச மாத்திர, தெனமும் முழுங்கணும், தோல் மஞ்சளாகும், ஆம்பளத்தனம் போயிடும்னு வேற புரளி, அதனால பசங்க வாயில போட்டுட்டு துப்பிடுவானுங்க. அங்க 14ஆவது ஆர்மிக்கு தளபதியா வந்த ஸ்லிம் என்ன பண்ணாருன்னா, திடீர்னு ஒரு யூனிட்டுக்குப் போய் எல்லாருக்கும் டெஸ்ட் எடுப்பாரு, நூத்துக்கு 95 பேர் ஒடம்புலயாவது மருந்து இல்லேன்னா அந்த யூனிட் கமாண்டிங் ஆபீசருக்கு சீட்டு கிழிஞ்சுது. மூணு பேர வீட்டுக்கு அனுப்பினதும் மிச்சப் பேருக்கு தானா புத்தி வந்துருச்சு. ஆனா இந்த ஒழுங்கெல்லாம் வந்து சேந்தது தாத்தா ஏற்கனவே படுத்ததுக்கு அப்புறம். அதோட அந்த மாத்திர காய்ச்சல அடக்கும், அவ்வளவுதான், ஈரல்ல ஒளிஞ்சிருக்கற கிருமிய ஒண்ணும் பண்ணாது, மாத்திரய நிறுத்தினா முறைக்காய்ச்சல் திரும்ப வரும். அதுக்கு ஒழுங்கான மருந்து சண்டை முடிஞ்சு சில வருஷம் கழிச்சுதான் வந்துச்சு. அதான் தாத்தா ஊருக்கு வந்தும் வருஷக்கணக்கா நடுங்கிக்கிட்டே இருந்திருக்காரு.

"அக்கா, இத்தாலிக்காரர் கிட்ட அப்பவே நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன், உங்களுக்கு ஜெர்மன்காரன், இவருக்கு கொசு, எதிரி எண்ணிக்கையில இவருக்குத்தான் ஜாஸ்தின்னு." இதச் சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. அம்மா சிரிக்கல, ஆனா அந்த மூணையும் துணி மேல இருந்து எடுத்து கையில வெச்சுக்கிட்டாங்க.

சரி, வேலைக்கு வருவோம். மெடல் கோக்கறதுல ரெண்டு விதம். ஒண்ணு ஸ்விங், கம்பியில தொங்கவிடறது, நடந்தா ஆடும், ஒண்ணோட ஒண்ணு உரசும். இன்னொண்ணு கோர்ட் மவுண்ட், ரிப்பன் மெடலுக்குப் பின்னாடி வரைக்கும் எறங்கும், மெடல அட்ட மேல தெச்சுடுவாங்க, அசையாது. புளியில ஏற்கனவே மழுங்கினதுக்கு இன்னும் உரசல் வேணாம்னு ஆன்ட்டி கோர்ட்டுதான்னு முடிவு பண்ணிட்டாங்க, என்ன கேக்கவே இல்ல. தைக்கறத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். வளைஞ்ச ஊசி, மெழுகு தேச்ச நூலு. ரிப்பன் 32 மில்லிமீட்டர், அத அட்டையில சுத்தி மடிப்பு பின்னாடி போற மாதிரி இழுத்து, ரெண்டு ரிப்பனுக்கு நடுவுல இடுக்கு தெரியாம சேத்து, ஸ்டாரோட கீழ் முனையில ரெண்டு புறமும் நூலக் குடுத்து ரிப்பன் கலர்லயே முடிச்சு. சிவப்பு மேல போறப்போ சிவப்பு நூலு, நீலத்துக்கு நீலம். முன்னாடி இருந்து பாத்தா தையலே கண்ணுக்குத் தெரியாது. வரிசை 39-45, பர்மா, வார் மெடல், பாக்கறவங்களுக்கு இடமிருந்து வலம். குடும்பத்துல யாராவது குத்திக்கிட்டா வலது மார்புலதான் குத்திக்கணும், இடது பக்கம் வாங்கினவருக்கு மட்டும்னு என்சிக் எனக்கு ஒரு கிளாஸ் எடுத்தாரு. சட்டையில மெடலக் குத்திக்கிட்டு நான் போய் நிக்கற எடம் எதுவும் இல்ல, ஆனாலும் தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

டிஸ்சார்ஜ் பேப்பர்தான் பெரிய தலவலி. தாத்தா போனதுக்கு அப்புறம் பாட்டிக்கு ரெண்டாம் உலகப் போர்ல இருந்தவங்க விதவைக்கு தமிழ்நாடு அரசாங்கம் குடுக்கற மாசப் பணத்துக்காக, முன்னாள் படைவீரர் நல ஆபீசுக்கு இந்த ஒரிஜினலத்தான் எடுத்துக்கிட்டு அலைஞ்சிருக்காங்க. கிழிஞ்சுடும்னு பயந்து யாரோ ஒரு ஜெராக்ஸ் கடையில குடுத்து லேமினேஷன் பண்ணிட்டாங்க. இப்போ பிளாஸ்டிக் மஞ்சளாகி அங்கங்க குமிழ் விட்டிருக்கு. சூடு குடுத்து பிரிச்சுடலாம்னு நான் யூடியூப்ல பாத்து வெச்சிருந்தேன், ஆன்ட்டி ரெண்டு கையையும் ஆட்டி நோ நோன்னாங்க, மையும் பேப்பரும் சேந்து பிளாஸ்டிக்கோட வந்துடும். அப்படியே விடுங்க, நல்லா ஸ்கேன் எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு அத பிரேம்ல வைங்க, ஒரிஜினல வெளிச்சம் படாம அலமாரியில வைங்க. இதுக்கு அவங்க காசு வாங்கல, ஸ்கேன் பண்ற வேலையும் அவங்களுக்கு இல்ல. வேணும்னா கழட்டித் தர்றேன்னு சொல்லி என் தலையில கட்டியிருக்கலாம், பண்ணல.

இங்கதான் அம்மா மறுபடி மொகத்த சுருக்கிக்கிட்டாங்க. அந்தப் பேப்பர்ல டிஸ்சார்ஜுக்கு காரணம்னு ஒரு கட்டம், அதுல இனிமே சேவைக்கு உடல் தகுதி இல்லைங்கற அர்த்தத்துல ஒரு வரி டைப் அடிச்சிருக்கு. எங்கப்பாவ வேலைக்காகாதுன்னு எழுதிக் குடுத்தத ஹால்ல மாட்டி வர்றவன் போறவன் படிக்கணுமா, மெடல் மட்டும் போதும், கீழ பேரு போட்டா போதும்னாங்க. நானும் சரின்னு தலையாட்டிட்டேன், சண்ட வேணாம்னு.

என்சிக் அந்தப் பேப்பர இன்னும் கீழ படிச்சாரு. கேரக்டர்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல பேனாவால "வெரி குட்"டுனு எழுதி ஆபீசர் கையெழுத்து. என்சிக் ஆர்மியில சார்ஜென்ட் மேஜரா இருந்தப்போ எத்தனையோ பசங்க காயிதத்துல கையெழுத்து போட்டவரு. ஒடம்பு முடியாதவன் யாரு, கெங் அடிக்கறவன், அதான் முடியலைன்னு நடிக்கறவன் யாருன்னு எங்களுக்குத் தெரியும் அக்கா, கெங் அடிக்கறவனுக்கு எந்த ஆபீசரும் வெரி குட் போட்டு அனுப்ப மாட்டான்னாரு. அந்தக் கட்டத்த எங்க வீட்ல யாரும் படிச்சதே இல்ல போலிருக்கு, எல்லாரும் மேல இருக்கற ஒரு வரியோடயே நின்னுட்டோம்.

இது எனக்கு வேற எடத்துல தச்சுது. என் பெரியவன் இப்போ என்எஸ்ல இருக்கான், முட்டி போய் போன வருஷம் பெஸ், அதான் உடல் தகுதி கிரேடு, எறக்கி ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. கூடப் படிச்சவன்லாம் கமாண்டோ கார்ட்ஸ்னு போட்டோ போடறான், இவன் கல்யாண வீட்டுல யாராவது எந்த யூனிட்டுனு கேட்டா தட்டு எடுக்கப் போற மாதிரி நழுவிடறான். நம்மாளுங்க வாயும் சும்மா இருக்காது, "என்னப்பா, கெங்கா?"ன்னு கேட்டுட்டு சிரிப்பாங்க. அவங்களுக்கு அது ஜோக்கு.

கடைசியில என்ன வெச்சோம்னா, மேல மெடல் மூணும், கீழ டிஸ்சார்ஜ் பேப்பர் கலர் காப்பி முழுசா, எதையும் மறைக்காம. முடிவு அம்மாவோடதுதான், வாரம் கழிச்சு போன்ல கூப்பிட்டு ஆன்ட்டிகிட்ட சொல்லுன்னாங்க. பித்தளத் தகட்டுல பேரு, நம்பர், ஆர்ஐஏஎஸ்சி, 1941-1944. அவ்வளவுதான், அடைமொழி எதுவும் வேணாம்னுட்டாங்க.

இனிமே புகார். ரிப்பன் வர்றதுக்கு லேட்டு, அது சரி. ரிப்பன் வந்ததுக்கு அப்புறமும் லேட்டு. மெசேஜ் போட்டா ரெண்டு நீலக் கோடு வரும், பதில் வராது. நேர்ல போனா ஆன்ட்டி ஒரு கேடட் கோர் ஆர்டர காட்டறாங்க, மலை மாதிரி நேம் டேக், அவங்களுக்கு பரேடு தேதி இருக்காம், உங்க தாத்தாவுக்கு அவசரம் இல்லைல்லன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியல. ஆனா தேதி சொல்லாமலே இருந்திருக்கலாம், சொல்லிட்டு மாத்தறதுதான் கடுப்பு. தாத்தா நினைவு நாளுக்கு மாட்டணும்னு நெனச்சது தள்ளிப் போயிடுச்சு. ரசீதும் ஒரு துண்டுச் சீட்டுதான், தொலைச்சா போச்சு.

பிரேம் கடை பிராஸ் பாசா பக்கம், பேரு வேணாம். நல்ல ஆளுங்கதான், ஓவியத்துக்கு சட்டம் போட்டுப் பழக்கம். மொதல் தடவ கண்ணாடிய மெடல் மேல ஒட்டி வெச்சுட்டாங்க, ஸ்டாரோட முனை கண்ணாடியில இடிக்குது, தூக்கிக் காட்டினா டிக் டிக்னு சத்தம். திருப்பிக் குடுத்து ஆழமான பெட்டி பிரேமா மாத்தினோம், அதுக்கு மேல் காசு கேட்டாங்க, கொஞ்சம் சத்தம் போட்டதும் பாதி கொறைச்சாங்க. நீங்க போனா மொதல்லயே சொல்லிடுங்க, கண்ணாடிக்கும் மெடலுக்கும் நடுவுல ஒரு விரலாவது இடைவெளி வேணும், பின்னட்ட அமிலம் இல்லாத அட்டையா இருக்கணும், கண்ணாடி புறஊதாக் கதிர் தடுக்கறதா இருக்கணும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு பின்னாடி சிலிக்கா ஜெல் பாக்கெட் வெச்சு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தறது நல்லது. வெளிச்சுவத்துல மாட்டாதீங்க, மழை பெஞ்சா எச்டிபி அடுக்குமாடி வீட்டு வெளிச்சுவரு எப்படி ஊறும்னு தெரியும்ல.

காசு கணக்கு: மூணு மெடல் கோர்ட் மவுண்ட், புது ரிப்பன் சேத்து 95 வெள்ளி, அதான் சிங்கப்பூர் டாலர். தகடு 25. பிரேம் மொதல்ல 160, மாத்தினதோட 190 ஆச்சு. ஸ்கேனும் பிரிண்டும் தனி, அது பத்து பதினஞ்சு வெள்ளிக்குள்ள முடிஞ்சுது. வேற எடத்துல இதவிட கம்மியா ஒட்டித் தருவாங்க, ஆனா ஒட்டித்தான் தருவாங்க, பசை போட்டு மெடல அட்டையில ஒட்டினத நான் ஒரு சொந்தக்காரர் வீட்ல பாத்திருக்கேன், பின்னாடி இருக்கற பேரு இனிமே யாருக்கும் தெரியப் போறதில்ல. ஆன்ட்டி வேலைய எப்ப வேணா நூல வெட்டி பிரிச்சுக்கலாம்.

இன்னொரு விஷயம், என்சிக் வியாழன் வெள்ளி வரமாட்டாராம், பேரன பாத்துக்கணும். அவரு இல்லாத நாள்ல போனா வேலை நடக்கும், கத கெடைக்காது, ஆன்ட்டி எவ்வளவு, எப்ப வேணும்னு ரெண்டே கேள்வி கேப்பாங்க. பார்க்கிங் கீழ நிக்கறது கஷ்டம், மத்தியான சாப்பாட்டு நேரத்துக்கு சுத்தமா கெடைக்காது. ஆன்ட்டிக்கு பேநவ், அதான் போன்ல பணம் அனுப்பறது, உண்டு, கார்டு கெடையாது. போறதுக்கு முன்னாடி மெடலோட முன்பக்கம் பின்பக்கம், பேப்பரு, எல்லாத்தையும் நீங்களே போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் குடுங்க. வீட்ல யாராவது புளியக் கையில எடுத்தா புடுங்கிடுங்க.